மணப்பாகு: வீட்டு மருந்தும் அதன் அளவும்



பதினெண்கீழ்க்கணக்கு நூல்களின் பெயர்களை வகுப்பிலே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, மூன்று நூல்களுக்கு வந்ததும் மாணவர் முகத்திலே ஒரு சிறு புன்னகை தோன்றும். திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்பவையே அந்த மூன்றும். மூன்றும் மருந்தின் பெயர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் காரப் பொருள்கள் மூன்று சேர்ந்தது திரிகடுகம். கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்கள் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஏலம் முதலாக ஆறு பொருள்கள் சேர்ந்த சூரணம் ஏலாதி. "இது தமிழ்ப் பாடமா, மருந்துச் சரக்குக் கடையா, சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். குறும்பான கேள்விதான். ஆயினும் அதற்குள் நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது.

தெரிந்த பொருளைக் கொண்டு தெரியாத பொருளை விளக்குவதே உவமை. நல்லாதனாரும் காரியாசானும் கணிமேதாவியாரும் தத்தம் நூலுக்கு மருந்தின் பெயரைப் பொருத்தினார்கள் என்றால், அந்த மருந்து தம் காலத்து மக்களுக்கு நன்கு அறிமுகமான பொருள் என்று நம்பியே பொருத்தினார்கள். விளக்கவேண்டியிருந்தது அறம், விளக்கம் வேண்டாதிருந்தது மருந்து. இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. மருந்தையே நாம் அடிக்குறிப்பு எழுதி விளக்கவேண்டியிருக்கிறது. பெயர் மட்டும் பாடப்புத்தகத்தில் நிற்கிறது. பொருள் அடுக்களையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டது அவ்வாறு போய்க்கொண்டிருக்கும் ஒரு வீட்டு மருந்து. ஆடாதோடை இலையில் காய்ச்சும் மணப்பாகு. தடிமனும் இருமலும் வந்தால் நம் வீடுகளில் முன்னர் முதலில் தேடப்பட்ட போத்தல் அது.

மணப்பாகு என்ற சொல்லையே முதலில் பார்ப்போம். மூலிகையின் சாற்றோடு அல்லது குடிநீரோடு சீனியையோ கற்கண்டையோ பனங்கட்டியையோ சேர்த்து, நல்ல மணம் எழும் பதம் வரும்வரை காய்ச்சி எடுப்பது மணப்பாகு. மருந்து முடிந்துவிட்டது என்பதை மூக்குக்கு அறிவிக்கும் பாகு என்று கொள்ளலாம். செய்முறையின் கடைசிப் படி பெயருக்குள்ளேயே இருக்கிறது.

சித்த மருத்துவத்தில் உள்மருந்துகள் முப்பத்திரண்டு என்றும் புறமருந்துகள் முப்பத்திரண்டு என்றும் வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆயுட்காலமும் சொல்லியிருக்கிறார்கள். சாறுக்கும் குடிநீருக்கும் ஒரு சாமம், அதாவது மூன்று மணித்தியாலம். சூரணத்துக்கு மூன்று மாதம். மணப்பாகுக்கு ஆறு மாதம். குடிநீரும் மணப்பாகும் ஒரே இலையிலிருந்து பிறந்தவைதாம். ஒன்று காலையில் காய்ச்சினால் மதியத்துக்குள் பயன் இழக்கிறது. மற்றது மாரிக்கு முன் காய்ச்சினால் மாரி முடியும்வரை நிற்கிறது. இந்த வேறுபாட்டைச் செய்வது இனிப்பு. இனிப்பு பிள்ளைகளின் நாவை ஏமாற்றுவதற்காகச் சேர்த்தது என்று நாம் நினைக்கிறோம். அதற்கும் மேலான வேலை அதற்கு உண்டு. பாகில் சீனி போதிய அளவு செறிந்திருந்தால், பூஞ்சணமும் நொதியும் வளர்வதற்கு வேண்டிய நீர் அவற்றுக்குக் கிடையாது. மேலைநாட்டு மருந்துநூல்களும் மருந்துப் பாகுக்கு நிறையளவில் மூன்றில் இரண்டு பங்கு சீனி இருக்கவேண்டும் என்றே விதிக்கின்றன. அதிலும் குறைந்தால் பாகு புளிக்கும். மிகக் கூடினால் அடியிலே கற்கண்டு கட்டும். நம் வீட்டுப் பெண்கள் தராசு இல்லாமலே, இரு விரலுக்கிடையில் பாகைத் தொட்டு இழுத்து, கம்பிபோல் ஒரு நூல் ஓடுகிறதா என்று பார்த்து இந்த எல்லையைக் கண்டார்கள். கம்பிப்பதம் என்ற சொல் அப்படிப் பிறந்தது.

இனி, ஆடாதோடை. வேலியோரத்திலும் வளவின் மூலையிலும் செழித்து நிற்கும் புதர்ச்செடி. நீண்ட கரும்பச்சை இலை. வெண்ணிறப் பூ, வாய் திறந்தாற்போல இரண்டு உதடு கொண்டது. கசப்பும் ஒருவகை மணமும் உடைய இலையாதலால் ஆடுகூட வாய் வைப்பதில்லை. ஆடு தொடாதது என்பதே ஆடாதோடை ஆயிற்று என்று பெயர்க்காரணம் கூறுவார்கள். குரலைச் சீர்செய்வதில் அதற்கு இருந்த மதிப்பினால், அதை உண்டால் பாடாத நாவும் பாடும் என்ற ஊர்ச்சொல்லும் வழங்கியது.

இந்தப் பெயர் நம் ஊர் வேலியோடு நின்றுவிடவில்லை. 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இலங்கையில் பணிபுரிந்த போல் ஹேர்மன் என்பவர் இந்நாட்டுச் செடிகள் பலவற்றைச் சேகரித்து உலர்த்தி ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார். அந்தச் சேகரிப்பை ஆராய்ந்து, நவீன வகைப்பாட்டியலின் தந்தை எனப்படும் லின்னேயஸ் 1747 ஆம் ஆண்டில் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1753 ஆம் ஆண்டில் அவர் உலகத் தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியபோது, இந்தச் செடிக்கு இட்ட பெயர் ஜஸ்டிசியா அடதோடா. இலத்தீன் மொழிக்குள் நம்மவர் நாவில் வழங்கிய பெயர் அப்படியே போய் அமர்ந்துகொண்டது. சிங்கள மக்களும் இச்செடியை ஆடதோடா என்று அழைக்கிறார்கள். தடிமனுக்கு அவர்கள் காய்ச்சும் 'பஸ்பங்குவ' என்னும் ஐம்பங்குக் குடிநீரில் கொத்தமல்லி, இஞ்சி, பற்படாகம், மரமஞ்சள் ஆகியவற்றோடு கண்டங்கத்தரியும் சேர்கிறது. காரியாசானின் ஐந்து வேர்களில் முதலாவதாக நின்ற அதே கண்டங்கத்தரிதான். மொழியால் வேறுபட்டாலும் அடுப்படியில் இந்நாட்டு மக்கள் உறவினர்கள்.

மணப்பாகு காய்ச்சும் முறையைக் கூறுகிறேன். முற்றிய, பழுது இல்லாத இலைகளாகப் பதினைந்து பறித்து, மண்போகக் கழுவி, நடுநரம்பை நீக்கிச் சிறிதாக அரிந்துகொள்ளவேண்டும். மண்சட்டியிலோ துருப்பிடிக்காத பாத்திரத்திலோ இட்டு, எண்ணூறு மில்லிலீற்றர் நீர் வார்த்து, மூடாமல் சிறு தீயில் காய்ச்சவேண்டும். சுக்கு ஒரு சிறு துண்டு, மிளகு ஏழெட்டு, திப்பிலி இரண்டு தட்டிப் போடுவது வழக்கம். இது திரிகடுகம் என்று நேயர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எண்ணூறு இருநூறாகும்வரை வற்றவேண்டும். இதனை நாலொன்றாக வற்றுதல் என்பார்கள். எட்டொன்றாக வற்றக் காய்ச்சும் குடிநீர்களும் உண்டு. வடிகட்டிய இருநூறு மில்லிலீற்றருக்கு நானூறு கிராம் சீனி அல்லது கற்கண்டு. மீண்டும் சிறு தீ. சீனி கரைந்து, நுரை அடங்கி, மணம் எழுந்து, விரலில் கம்பி ஓடியதும் இறக்கி ஆறவிட்டு, கொதிநீரில் அலசி ஈரம் காயவைத்த போத்தலில் ஊற்றி மூடவேண்டும். பனங்கட்டி சேர்ப்பதானால் அதை முதலில் கரைத்து வடித்துக்கொள்ளவேண்டும். அதில் மண்ணும் ஈரமும் இருக்கும், ஆகவே பதம் வரச் சற்று நேரம் கூடும். வளர்ந்தவர்களுக்கு ஒரு தேக்கரண்டி, இளஞ்சூட்டு நீரில், காலையும் மாலையும். சிறுவர்களுக்கு எவ்வளவு என்பதை அவர்களின் வயதையும் உடலையும் பார்த்துச் சித்த மருத்துவரே சொல்லவேண்டும்.

இது வெறும் நம்பிக்கை மாத்திரமா என்று கேட்பவர்கள் உளர். கேட்பது நல்லதே. ஆடாதோடை இலையிலிருந்து வாசிசின் என்ற காரப்பொருளை 1888 ஆம் ஆண்டில் டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்தார். அந்தப் பொருளின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு 1960களில் ஜேர்மனியில் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை ஆக்கினார்கள். கட்டிச் சளியை இளக்குவதற்கு இன்றும் வைத்தியர்கள் எழுதித் தரும் மருந்து அது. அதன் வழிவந்த அம்புரொக்சோலும் மருந்தகங்களில் விற்கிறது. நம் வேலியில் நின்ற செடி ஆய்வுகூடம் சென்று மாத்திரையாகத் திரும்பி வந்த வரலாறு இது. ஆனால் இதை வைத்துக்கொண்டு, நம் முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்று மார்தட்டுவதற்கு நான் வரவில்லை. முன்னோரிடம் ஒரு பொருள் இருந்தது. அதைவிட முக்கியமாக, அந்தப் பொருளுக்கு ஓர் அளவு இருந்தது. நான் பேச வந்தது அந்த அளவைப் பற்றி.

திருக்குறளில் மருந்து என்பது தொண்ணூற்றைந்தாவது அதிகாரம். அதில் ஒரு மூலிகையின் பெயரேனும் இல்லை. சுக்கும் இல்லை, மிளகும் இல்லை. திரும்பத் திரும்ப வருவது அளவு பற்றிய பேச்சே. மிகுந்தாலும் நோய், குறைந்தாலும் நோய் என்று தொடங்கும் கருத்து, நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிப் பார்த்துச் செய்யவேண்டும் என்று மருத்துவனுக்கு இடும் கட்டளையில் வந்து முதிர்கிறது. மருந்து இன்னதென்பதைச் சொல்லாமல் அளவைச் சொன்ன அந்தப் பேரறிவு எண்ணியெண்ணி வியக்கத்தக்கது. மருந்துகள் காலத்துக்குக் காலம் மாறும். அளவறியும் கடமை மாறாது.

ஏலாதியைப் பாருங்கள். ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று படிப்படியாக ஏறும் கணக்கு அது. நம் மருத்துவ நூல்களில் வரும் அளவுச் சொற்களும் அப்படியே. மூன்று விரல் நுனியால் எடுக்கும் அளவு திரிகடி. வெருகு என்னும் பூனையின் அடிச்சுவடு கொள்ளும் அளவு வெருகடி. கழஞ்சு ஏறத்தாழ ஐந்து கிராம், பலம் முப்பத்தைந்து கிராம் என்று சித்த மருத்துவர்கள் இன்று கணக்கிடுவார்கள். செகராசசேகரம், பரராசசேகரம் என்று யாழ்ப்பாண அரசரின் பெயர் தாங்கிய மருத்துவ நூல்கள் செய்யுளாகவே எழுதப்பட்டன. பரராசசேகரத்தின் பாகங்கள் 1920களிலும் 30களிலும் ஏழாலையில் அச்சேறின. மருந்தைச் செய்யுளில் வைத்ததற்கு மனனம் செய்யும் வசதி ஒரு காரணம். செய்யுளில் ஒரு சீர் தவறினால் ஓசை இடறும். எடை தவறிற்று என்பதைக் காது காட்டிக்கொடுக்கும். யாப்பு மருந்துக்குக் காவலாக நின்றது.

எங்கள் வகுப்பிலே ஒருமுறை மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலே பெரியவர்களிடம் கேட்டு, ஆளுக்கொரு கைமருந்து எழுதி வரவேண்டும். நாற்பதுக்கு மேற்பட்ட தாள்கள் வந்தன. பொருள்களின் பெயர்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஆனால் அளவு என்ற இடத்தில் 'கொஞ்சம்', 'தேவையான அளவு', 'ஒரு கைப்பிடி' என்பவையே அதிகம். ஒரு கைப்பிடி என்றால் யாருடைய கை என்று கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, "அம்மம்மாவின்ர கை, சேர்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சொன்னதைவிடச் சரியான விடை வேறில்லை. அந்த அளவு அந்தக் கையோடு இருந்தது. எழுதப்படாவிட்டால் அந்தக் கையோடு போய்விடும்.

அளவு போய்ப் பெயர் மட்டும் எஞ்சினால் என்ன நேரும்? அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று. கொவிட் பெருந்தொற்று உலகை ஆட்டிவைத்த காலம். 2020 டிசம்பரில் கேகாலைப் பகுதியில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்து ஒரு பாணி தயாரித்து, அந்நோயை அது தீர்க்கும் என்றார். ஆயிரக்கணக்கான மக்கள் அதைப் பெறுவதற்கு முண்டியடித்துத் திரண்டார்கள். நோய் பரவாதிருக்க விலகி நிற்கவேண்டிய நாளிலே தோளோடு தோள் உரசி நின்றார்கள். அந்தப் பாணியைப் பகிரங்கமாக அருந்திய அப்போதைய சுகாதார அமைச்சர் 2021 ஜனவரியில் அதே நோய்க்கு ஆளாகிப் பின்னர் குணமடைந்தார். தேன் நல்ல பொருள். சாதிக்காய் நம் சரக்குப் பெட்டியில் உள்ளதுதான். பிழை பொருளில் இல்லை. தொண்டைக்கு இதம் தரும் பொருளுக்கு, கொள்ளைநோயைத் தீர்க்கும் ஆற்றலை ஏற்றியதிலே பிழை. நோயின் அளவை எண்ணாமல் மருந்தைப் பேசிய பிழை.

இத்தகைய பிழை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. புலம்பெயர்ந்து ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் நம் உறவினர்கள் அங்குள்ள ஒரு கரும்பழத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். ஆங்கிலத்தில் எல்டர்பெரி, ஜேர்மன் மொழியில் ஹொலுண்டர். இலையுதிர் காலத்தில் அந்தப் பழத்தைப் பறித்துச் சீனியிட்டுப் பாகாகக் காய்ச்சிப் போத்தலில் அடைத்து, குளிர்காலத் தடிமனுக்குக் கொடுப்பது அங்குள்ள பாட்டிமாரின் வழக்கம். அவர்களுடைய மணப்பாகு என்றே சொல்லலாம். அது பலன் தருகிறதா என்பதில், நம்பிக்கை ஊட்டும் சிறு ஆய்வுகள் சில உள்ளனவேயன்றி முடிந்த முடிவு இல்லை. ஆனால் அந்தச் செடியின் இலையிலும் தண்டிலும் பழுக்காத காயிலும் உடலில் சயனைட்டை விடுவிக்கும் பொருள் உண்டு. நன்றாகக் காய்ச்சினால் அது நீங்கும். 1983 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு கூட்டத்தினர் இலையும் கிளையும் சேர்த்துப் பழத்தைப் பச்சையாகவே பிழிந்து பருகினார்கள். வாந்தியும் மயக்கமுமாக எட்டுப் பேரை உலங்குவானூர்தியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. எல்லோரும் பிழைத்தார்கள் என்பது ஆறுதல். பாட்டியின் செய்முறையில் பழம் இருந்தது, தீயும் இருந்தது. அவர்கள் பழத்தை எடுத்துக்கொண்டு தீயை விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் கடையில் வாங்கும் மருந்தே பாதுகாப்பு என்று முடிவு கட்டிவிடலாமா? அதற்கும் வரலாறு இடந்தரவில்லை. 1937 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சல்பா மருந்து ஒன்றைப் பாகாக்குவதற்கு டைஎதிலீன் கிளைக்கோல் என்ற இனிய நஞ்சைக் கரைப்பானாகக் கலந்ததால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மருந்துகளைச் சோதித்தே விற்கவேண்டும் என்ற கடுஞ்சட்டம் அடுத்த ஆண்டு அங்கே பிறந்தது. எண்பத்தைந்து ஆண்டு கழித்து, 2022 இல், ஆபிரிக்காவின் காம்பியா நாட்டில் அதே வகை நஞ்சு கலந்திருந்த இருமல் பாணிகளோடு தொடர்புபட்டுச் சுமார் எழுபது குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளையும் எச்சரித்தது. ஆகவே வீட்டுப் போத்தலா கடைப் போத்தலா என்பது முதற்கேள்வி அன்று. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருக்குக் கொடுக்கிறோம் என்பவையே கேள்விகள்.

யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். ஆடாதோடையிலுள்ள வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது; ஆகவே கருவுற்ற பெண்கள் இதனைத் தொடக்கூடாது. பாகிலே தேன் சேர்ப்போரும் உளர். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கொடுக்கக்கூடாது. தேனில் சிலவேளை இருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்து பச்சிளங்குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் என்பது 1976 ஆம் ஆண்டு தொடக்கம் மருத்துவ உலகு அறிந்த செய்தி. சேனை தொட்டு வைக்கும் நம் வழக்கத்தில் இதனை நினைவில் கொள்ளவேண்டும். ஒரு வயது கடந்த பிள்ளையின் இருமலுக்குத் தேன் இதம் தருவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஒரே தேன், வயது ஒன்றுதான் வேறு. நீரிழிவுக்காரருக்கும் ஒரு சொல். நான் கூறிய முறையில் காய்ச்சிய பாகின் ஒரு தேக்கரண்டியில் நான்கு கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது. அவர்களுக்கு மணப்பாகைவிடக் குடிநீரே ஏற்றது.

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்திலே வாழ்ந்தவர்களுக்கு இந்த வீட்டு மருந்துகளின் பெறுமதி நன்கு தெரியும். மண்ணெண்ணெய் முதல் சவர்க்காரம் வரை எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. மருந்துக்கும் தட்டுப்பாடு. நான் அப்போது பள்ளி மாணவன். எங்கள் தாயார் மாரிக்கு முன்பே இரண்டு போத்தல் ஆடாதோடைப் பாகு காய்ச்சி வைப்பார். சீனி எட்டாத விலை. ஆகவே பனங்கட்டிப் பாகு. அயலிலுள்ளவர்கள் பேணி கொண்டுவந்து வாங்கிப் போவார்கள். ஒரு நாள் மாலை, பக்கத்து வீட்டுப் பெண் மூன்று வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "அக்கா, ரெண்டு நாளா இருமல். கொஞ்சம் பாகு தாங்கோ" என்றாள். தாயார் போத்தலை எடுக்கவில்லை. பிள்ளையை மடியில் கிடத்திச் சட்டையை விலக்கினார். விலாவின் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்து எழுந்தது. "இது பாகுக்கு நிக்கிற இருமல் இல்லைப் பிள்ளை. மூச்சைப் பார். இப்பவே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். தந்தையார் சைக்கிளை எடுத்தார். விளக்கும் இல்லாத இருட்டு வழி. நியூமோனியா என்று சொல்லி அன்றிரவே ஊசி போட்டார்களாம். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அந்தப் பாகு காய்ச்சத் தெரிந்தவர்கள் அயலில் வேறு சிலரும் இருந்தார்கள். போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதை எடுக்காமல் இருக்கத் தெரிந்ததுதான் தாயாரின் மருத்துவ அறிவு என்று நான் கருதுகிறேன். நோயின் அளவை எண்ணு என்ற கட்டளையை அவர் எந்த உரையும் படித்து அறிந்தவரல்லர். இன்று அதனை எண்ணாகவே சொல்லித் தருகிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணவேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு அறுபதோ அதற்கு மேலோ, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் ஐம்பதோ மேலோ, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை நாற்பதோ மேலோ இருந்தால், அல்லது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபட்டால், அது வீட்டில் வைத்துப் பார்க்கும் வருத்தம் அன்று. ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனை செல்லவேண்டும். கழஞ்சும் பலமும் எண்ணிய சமூகத்துக்கு மூச்சை எண்ணுவது கடினமான கணக்கா?

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாடு முழுவதுமே மருந்துத் தட்டுப்பாட்டை அனுபவித்தது. அப்போது பலர் மீண்டும் வேலியோரம் பார்த்தார்கள். ஆடாதோடை சில வளவுகளில் நின்றது. பல வளவுகளில் வேலியே மதிலாகிவிட்டது. செடியை மீண்டும் நடலாம். ஒரு தடியை வெட்டி ஊன்றினால் மாரியில் துளிர்க்கும். அளவறிந்த கையை அவ்வாறு ஊன்றி முளைப்பிக்க இயலாது.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ கைமருந்து அறிந்த ஒரு பெரியவர் இருப்பாரானால், அவரிடம் போய் இருங்கள். என்ன போடுவீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தவேண்டாம். அவருடைய ஒரு கைப்பிடியைத் தராசில் இட்டு நிறுத்துப் பாருங்கள். எவ்வளவு நீர், எவ்வளவாக வற்றவேண்டும், எந்த மணம், எத்தனை நாள் வைக்கலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக, யாருக்குக் கொடுக்கமாட்டீர்கள், எப்போது கொடுக்கமாட்டீர்கள் என்றும் கேளுங்கள். அந்த இரண்டு விடைகளும் இல்லாத கைமருந்துக் குறிப்பு பாதிக் குறிப்பே. எழுதிய தாளைச் சித்த மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டி, சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாணவர்களுக்கும் அதே வேலையை இரண்டாம் முறை கொடுத்திருக்கிறேன். 'கொஞ்சம்' என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்பது இம்முறை நிபந்தனை. அம்மம்மாவின் கையை அளந்துவர அந்த மாணவி ஒரு சிறு தராசு இரவல் வாங்கியிருக்கிறாளாம். தாள்கள் வந்துகொண்டிருக்கின்றன.